புது மாப்பிள்ளையும் புதன்கிழமை நொவேனாவும்

மார்ச் 6, திங்கள்

காலையிலேயே வெயில். கம்பெனி பஸ் தாமதம். டிரைவர் யாதய்யாவின் கண் சிவப்பு. கேட்டால் தூசி என்கிறார். தூசிக்கு இப்படி ஒரு வாசனை உண்டா என்று நான் கேட்கவில்லை. பக்கத்து சீட்டு பிலோமினாவிடம் மட்டும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக. பஸ் சிரித்தது. யாதய்யா அடுத்த குழியை விடாமல் ஏற்றி இறக்கினார்.

இன்று ஆபீசில் ஒரு சாவு, ஒரு கல்யாணம்.

சாவு, என் பழைய வேர்டு ப்ராசஸருக்கு. பச்சை எழுத்துக் கிழவி. "சேமிக்கவா? நிச்சயமாகவா? இதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே, பரவாயில்லையா?" என்று ஒவ்வொன்றுக்கும் என் மாமியார் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் அதைத் திட்டாத நாள் இல்லை. பிறகு பழகிவிட்டது, மாமியார் மாதிரியே. இரண்டு பேர் வந்து சாக்கில் சுற்றி நாச்சாரம் கிடங்குக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். வாசல் நிலையில் ஒரு இடி. "பாத்து தூக்குங்கய்யா" என்றேன். தெலுங்குக்காரர்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, கிழவிக்கு இனித் தெரிந்து பயனில்லை.

கல்யாணம், புதுக் கம்ப்யூட்டருக்கு. நிர்வாக அதிகாரி தேங்காய் உடைத்தார். திரைக்கு நடு நெற்றியில் குங்குமம். அதற்கென்று தனி அறை, ஏ.சி., ரெக்சின் போர்வை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேசாது, சிரிக்காது, எதிரே நிற்பவர்கள்தான் அதன் மனசைப் புரிந்து நடக்க வேண்டும். பிலோவின் காதில் "மாப்பிள்ளை" என்றேன். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதியத்துக்குள் மாடி முழுக்க அந்தப் பெயர்தான்.

விஷயம் என்னவென்றால், ஜி.எம்.மின் அந்தரங்கச் செயலாளர் ராகவாச்சாரி சார் இந்த மாதக் கடைசியில் ரிட்டயர். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர். நான், பிலோ. சீனியாரிட்டியில் நான் ஒரு முடி முன்னால். "மெஷினை யார் நன்றாகக் கையாள்கிறார்களோ பார்ப்போம்" என்று ஜி.எம். சொன்னதாக ராகவாச்சாரி சார் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குப்பொடி போட்டார், எதிலும் சம்பந்தமில்லாதவர் போல.

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

"ஏட்டி பிலோ, ரெண்டு பேரும் தெரியாதுன்னே சொல்லுவோம். ரெண்டு பேருக்கும் தெரியலன்னா என்ன செய்வாவ? பழையபடி சீனியாரிட்டிதான்."

"ஆமாண்டி. நமக்கு எதுக்கு இந்த வயசுல" என்றாள் பிலோ.

கை அடித்துக்கொண்டோம். அந்த ஒப்பந்தத்தில் யாருக்கு லாபம் என்பதை நான் அவளுக்கு விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.


மார்ச் 7, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. நேற்று வைத்த வாளியில் முகம் கழுவி ஆபீஸ்.

மாப்பிள்ளையிடம் முதல் பேச்சு. கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சி, ஒரு அம்புக்குறி, பக்கத்தில் கண் சிமிட்டும் சின்னக் கோடு. அவ்வளவுதான். கிழவியைத் திறந்தால் மெனு வரும்: கடிதமா, குறிப்பாணையா, பட்டியலா. இது ஒன்றும் சொல்லாமல் கண் சிமிட்டுகிறது. இந்த வயதில் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிய ஒரே ஜீவன்.

நான் அடித்தவை: ஓப்பன். ஹெல்ப். ப்ளீஸ். லெட்டர். ஐயா.
அது சொன்னது, எல்லாவற்றுக்கும்: பேட் கமாண்ட்.

கம்ப்யூட்டர் பிரிவு கதீர் பாய் வந்து அரை நாள் பாடம் எடுத்தார். நல்ல மனிதர், பொறுமை, வாயில் பாக்கு. இதற்கு இயக்கும் முறையே வேறாம். பழையதில் படித்ததை மறந்துவிடச் சொன்னார். மறப்பது எனக்குக் கஷ்டமில்லை, எதை மறப்பது என்பதுதான் நினைவில்லை. ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டேன்: காலி மாதிரிப் படிவம் ஒன்று செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அதை வேறு பெயரில் நகல் எடுத்து, அந்த நகலில் விஷயத்தை நிரப்பலாம். கார்பன் தாள் மாதிரி. அதுவரை சரி.

பிலோ என்னைவிட மோசம். ஃபிளாப்பியைத் தலைகீழாகச் செருகினாள். "கதீர் பாய், டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரி இதுல வரி முடிஞ்சா மணி எங்க அடிக்கும்?" என்று கேட்டாள். கதீர் பாய் பாக்கை விழுங்கிவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் பிலோ ஃபிளாப்பி செருகுவதை நடித்துக் காட்டினேன். டிபன் பாக்ஸ் மூடிதான் ஃபிளாப்பி, முன் சீட்டின் கம்பி இடுக்குதான் மெஷின். குக்கட்பல்லியிலிருந்து பாலாநகர் வரை பஸ் அடங்கவில்லை. போன வருஷம் அவள் கட்டுப்பல் சாம்பாரில் விழுந்த கதைக்குப் பிறகு இவ்வளவு பெரிய வெற்றி இதுதான். பிலோவும் சிரித்தாள். எல்லோரும் முடித்த பிறகு கொஞ்சம் சிரித்தாள்.


மார்ச் 8, புதன்

சாயங்கால பஸ்ஸில் பிலோ வழியிலேயே பேகம்பேட்டில் இறங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே புதனும் வெள்ளியும் இப்படித்தான். புதன் நொவேனா, வெள்ளி ஏதோ ஜெபம்; இப்போது தவக்காலம் என்பதால் சிலுவைப்பாதை. பேகம்பேட்டில் இருக்கும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாளாம். அவள் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. சபை; நொவேனா என்றால் ஒன்பது முறை ஜெபம் என்ற வரைக்கும் தெரியும். ஒன்பதும் எப்போதோ முடிந்திருக்க வேண்டுமே என்றேன். "உங்க ஆளுங்களுக்கு அதெல்லாம் புரியாதுடி" என்றாள். மரியாதையாக வாயை மூடிக்கொண்டேன். மதம் என்றால் நான் மூடிக்கொள்வேன், மற்ற எதற்கும் மாட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "பிலோவப் பாருங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் கோயில். நாமளும் இருக்கோம், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கே ரெண்டாவது மணிக்குத்தான் போய்ச் சேருதோம்."

இவர் "உம்" என்று பேப்பருக்குள் போய்விட்டார். பேப்பர் நேற்றையது.

ஷீலாவிடம் பரீட்சை எப்படி என்றேன். "டீக் ஹை மம்மி, டோன்ட் ஸ்டார்ட்" என்றாள். நான் தமிழில் பெற்ற பிள்ளை.


மார்ச் 10, வெள்ளி

ஜி.எம். கூப்பிட்டார். அதிகாரிகளின் வருடாந்திர இரகசிய அறிக்கைகள். திங்கள் முதல் டிக்டேஷன். உற்பத்திப் பக்கம் முதலில், எனக்கு; கணக்குப் பக்கம் அதற்கடுத்த வாரம், பிலோவுக்கு. "புது மெஷினில்தான்" என்றார். பஞ்சாபிக்காரர், சிரித்துக்கொண்டேதான் எல்லாம் சொல்வார், அதுதான் பயம்.

இரகசிய அறிக்கைக்கு எங்கள் ஆபீசில் ஒரு சட்டம். சுருக்கெழுத்தில் எடுத்த பக்கங்களை டைப் செய்து முடித்த அன்றே கிழித்து, அட்டெண்டர் யாதகிரி பின்கட்டில் எரிக்க வேண்டும். பக்கத்தில் நாம் நிற்க வேண்டும். எரியும்போது யாதகிரி கண்ணை மூடிக்கொள்வார், அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது என்றாலும். அதனால்தான் இத்தனை வருஷமாக எவன் எவனைப் பற்றி என்ன எழுதினான் என்று வெளியே வந்ததில்லை. நானே சொன்னாலொழிய. அதைச் சொன்னதில்லை. மற்றதெல்லாம் சொல்வேன், அதைச் சொன்னதில்லை. இது என் கற்பு.

வாங்க வேண்டியவை: பச்சை மிளகாய், நீலம், ஷீலாவுக்கு ரிப்பன், எனக்குத் தலைவலி மாத்திரை.


மார்ச் 13, திங்கள்

டிக்டேஷன். உற்பத்திப் பக்கத்தில் பாதிப் பேர் வெங்கட. வெங்கடராமன், வெங்கடராவ், வெங்கடராமையா, வெங்கடராம ரெட்டி, வெங்கடரத்னம். திருப்பதியில் ஒரு கூட்டமாக மொட்டை போட்டு ஒரே நாளில் வேலைக்குச் சேர்த்திருப்பார்கள் போல. ஒருவர் கடுமையான உழைப்பாளி, ஒருவர் கடுமையான சோம்பேறி, ஒருவருக்கு இந்தத் தடவை பதவி உயர்வு, ஒருவர் மேல் ஜி.எம்.முக்கு ஏதோ பழைய கோபம். எது யார் என்று இங்கேகூட எழுத மாட்டேன். (கற்பு.)


மார்ச் 14, செவ்வாய்

இன்று முழுக்க மாப்பிள்ளையோடு. மாதிரிப் படிவத்தை "வெங்கடராமன்" என்று முழுப் பெயரில் நகல் எடு, திற, நிரப்பு, மூடு. மறுபடி மாதிரியை "வெங்கடராவ்" என்று நகல் எடு, திற, நிரப்பு, மூடு. கிழவியிடம் இப்படித்தான் செய்வேன், முழுப் பெயர் கொடுத்தால் முழுப் பெயர் வாங்கிக்கொள்ளும். மாப்பிள்ளை ஒரு முறைகூட பேட் கமாண்ட் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஒரு கோப்பு நகலானது" என்று அடக்கமாக ஒரு வரி. வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு. ஒப்பந்தத்தை மீறி எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிட்டதே என்று பிலோவை நினைத்து ஒரு கூச்சமும்.

மூன்றாவது வெங்கடவுக்குப் பெயர் அடித்துக்கொண்டிருந்தபோது பிலோ பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தலைவலிக்குது. மாத்திரை வெச்சிருக்கியா?"

கொடுத்தேன். என் மாத்திரை.

பிரிண்டருக்கு ரிப்பன் இல்லை, வியாழக்கிழமை வருமாம். எல்லாம் மெஷினுக்குள்ளேயே பத்திரமாக இருக்கட்டும் என்றார் ராகவாச்சாரி சார். சாயங்காலம் சுருக்கெழுத்துப் பக்கங்களைக் கிழித்து, யாதகிரி, பின்கட்டு, தீ. அவர் கண்ணை மூடினார். நான் ஒரு பாட்டை முணுமுணுத்தேன். சந்தோஷம்.


மார்ச் 15, புதன்

பிலோ பேகம்பேட். நொவேனா. எனக்காகவும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.


மார்ச் 16, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

ரிப்பன் வந்தது. கதீர் பாயின் அறையில் பிரிண்டர். "வெங்கடராமன்" என்று பெயர் கொடுத்தேன். வந்தது வெங்கடரத்னத்தின் அறிக்கை. பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போல என்று வெங்கடராவ் கொடுத்தேன். வெங்கடரத்னம். வெங்கடராமையா. வெங்கடரத்னம். ரெட்டிகாரு. வெங்கடரத்னம். நாலு தாளிலும் அந்த ஒரே மனுஷன் சிரித்துக்கொண்டு வந்தான்.

கதீர் பாய் திரையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"க்யா மேடம்! ஆட்டிச் ஹர்ஃப் லேதா யே. பாக்கி நக்கோ போல்தா!"

பெயருக்கு எட்டு எழுத்துத்தான் வாங்குமாம். ஆங்கிலத்தில் எட்டு. அதற்கு மேல் கொடுத்ததை வேண்டாம் என்று வாய்விட்டும் சொல்லாது, எறிந்துவிடும். என் ஐந்து வெங்கடவுக்கும் முதல் எட்டு எழுத்து ஒன்றேதான். ஒவ்வொரு முறை மாதிரியை நகல் எடுத்தபோதும் பழைய ஆளின் தலைமேலேயே புது ஆளை உட்கார வைத்திருக்கிறேன். கடைசியாக உட்கார்ந்தவர் ரத்னம். அவருக்குக் கீழே நாலு பேர் நசுங்கிக் காலி.

"இதே பேர்ல ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன், மெஷினைப் பார்த்து. கிழவி கேட்டிருப்பாள். மூன்று தடவை கேட்டிருப்பாள். அவளை நாச்சாரத்தில் சாக்கோடு போட்டுவிட்டு, இந்த ஊமையை நடு வீட்டில் வைத்திருக்கிறோம்.

சுருக்கெழுத்துப் பக்கங்கள் சாம்பல்.

மதியம் சாப்பிடாமல் நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். ஜி.எம். சொன்ன கெட்டது எல்லாம் ஒரு எழுத்து விடாமல் வந்தது. நல்லது ஒன்றுகூட வரவில்லை. இப்படி அனுப்பினால் நாலு வெங்கடவுக்கும் வேலை போகும். தாளைக் கிழித்தேன். நாளைக்கு ஜி.எம்.மிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பஸ்ஸில் பிலோவின் தோளில் சாய்ந்து அழுதேன். அவள் என் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். இதை அடிக்கோடிடுகிறேன்.


மார்ச் 17, வெள்ளி

ஜி.எம். கோபிக்கவில்லை. சிரித்தார். மறுபடி சொல்கிறேன், ஆனால் இந்தத் தடவை பேப்பரில் வேண்டாம், நேராக மெஷினிலேயே அடிக்கட்டும், நேரம் இல்லை என்றார். என்னால் முடியாது சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மிஸ் பிலோமினாவைக் கூப்பிடுங்கள்."

பாவம், அவளும் மாட்டினாள் என்று நினைத்தேன். கூடவே போனேன், தாங்கிப் பிடிக்க.

பிலோ செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். ஃபிளாப்பியை எடுத்தாள், பார்க்காமலே நேராகச் செருகினாள். விரல்கள் ஓடின. திரை மாறியது, மறுபடி மாறியது, ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. ஒரு பேட் கமாண்ட் கிடையாது. "யெஸ் சார்" என்றாள். ஜி.எம். சொல்லச் சொல்ல அடித்தாள். ஒவ்வொரு வெங்கடவுக்கும் குட்டியாக ஒரு பெயர், அவரவர் ஊழியர் எண்ணை வைத்து. யாரும் யார் மேலும் உட்காரவில்லை.

நான் செருப்பு இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தரை ஜில்லென்று இருந்தது.

மணி எங்கே அடிக்கும் என்று கேட்டவள்.

வெளியே வந்து கதீர் பாயைப் பிடித்தேன். அவருக்கு ஒளிக்கத் தெரியாது. "ஹவ் மேடம், ஆப்கு மாலூம் நை, உங்களுக்குத் தெரியாதா? பேகம்பேட்ல பேக்கரிக்கு மேல கம்ப்யூட்டர் க்ளாஸ். என் தம்பிதான் மாஸ்டர். டிசம்பர்லருந்து வர்றாங்கோ. உங்க மேடம்தான் ஃபர்ஸ்ட்டுன்னு சொல்றான்."

டிசம்பரிலிருந்து. மெஷின் வருவதற்கு முன்னாலேயே. ஒப்பந்தத்துக்குக் கை அடித்தபோதே அந்தக் கை டைப் அடித்துப் பழகிய கை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, பேக்கரிக்கு மேலே.


மார்ச் 18, சனி

இவரிடம் சொன்னேன். பாதி சொல்வதற்குள் இவர் முகம் போன போக்கு!

"உங்களுக்குத் தெரியுமா?"

"பேகம்பேட்டு கண்ணாடிக் கடைக்குப் போனேம்லா, ஜனவரியில. பக்கத்து பேக்கரி மாடிப்படியில இறங்கிட்டிருந்துச்சு. சொல்லாதீங்கண்ணே, கிரேஸுக்கு நானே சொல்றேன்னுச்சு."

"நீங்க சொல்லாம இருந்துட்டீய."

"பொம்பளப்புள்ள கெஞ்சிக் கேட்டுச்சு. நான் என்ன செய்ய?"

இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் இவர் காப்பாற்றிய ஒரே இரகசியம் இதுதான். என் பிறந்த நாள் சேலையைக்கூட முந்தின வாரமே உளறிவிடுகிற மனுஷன். மதியம் மீன் வாங்கி வந்தார். குழம்பில் உப்பு போடவில்லை, வேண்டுமென்றே. சத்தமில்லாமல் சாப்பிட்டார். ஷீலா மட்டும், "மம்மி, வாட் ஹேப்பண்ட் டு திஸ்?" என்றாள். அப்பாவைக் கேள் என்றேன்.


மார்ச் 20, திங்கள்

பஸ்ஸில் பிலோவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால், கணக்குப் பிரிவு லட்சுமிகாந்தம்மா பக்கத்தில். அம்மாள் ஆபீஸ் இருக்கும் ராமச்சந்திராபுரம் வரை தூங்குவார், என் தோளில், தேங்காய் எண்ணெயோடு. பிலோ பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். வழக்கமாக எனக்கு இடம் பிடிக்க வைக்கும் பை. ஒருவர் கேட்டார். எடுக்கவில்லை.

"க்யா ஹுவா கிரேஸ் மேடம், இன்னிக்கு பஸ்ல ஸ்டோரி இல்லையா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்டோரியா! தொண்டை வரை இருந்தது. நொவேனா, பேக்கரி, மணி எங்கே அடிக்கும், எல்லாம். நடித்துக் காட்டினால் சாம்பார் பல்லெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஏனோ வாய் திறக்கவில்லை. தோளில் லட்சுமிகாந்தம்மா தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் இருக்கலாம்.


மார்ச் 22, புதன்

ஹோலி, விடுமுறை. பால்காரர் ஊதா நிறத்தில் வந்தார், பால் வழக்கமான நிறத்தில், அதாவது தண்ணீர் நிறத்தில். இன்று நொவேனா உண்டா என்று யோசித்தேன். பேக்கரி திறந்திருந்தால் உண்டு.


மார்ச் 24, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை. பாஸ்டர் ஐயா யூதாஸைப் பற்றிப் பேசியபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது வாசலில் யாருடைய செருப்பு புதிது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என்னை இடித்தார். இவர் இடிக்கலாமா?


மார்ச் 27, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ராகவாச்சாரி சாரின் நாற்காலி பிலோவுக்கு. நான் பழைய இடத்தில், மாப்பிள்ளையோடு. அதாவது மாப்பிள்ளை அவளுடைய ஆள், நான் அவனுக்குத் தூசி தட்டுகிறவள். வாழ்த்துச் சொல்ல எல்லோரும் போனார்கள். ராகவாச்சாரி சார் என்னைப் பார்த்து, "பகவத் சங்கல்பம்மா" என்றார், பொடி போட்டுக்கொண்டே.

நான் போகவில்லை. அவளே வந்தாள். டிபன் பாக்ஸோடு. ஈஸ்டருக்குச் செய்த கேக். என் மேசையில் வைத்தாள். யாரும் இல்லை, எல்லோரும் கேன்டீனில்.

"பேச மாட்டியாடி?"

"நொவேனா எப்படிப் போச்சு?" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். என் எதிரே, அதிகாரிகளுக்கான நாற்காலியில். பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப? லிங்கம்பள்ளி தாண்டறதுக்குள்ள முழு பஸ்ஸுக்கும் தெரிஞ்சிருக்கும். சின்னப் பசங்களோட பெஞ்சுல நான் எப்படி உக்காந்தேன், எப்படி முழிச்சேன்னு நடிச்சுக் காட்டியிருப்ப. என் பல்லு விஷயம் உங்கிட்ட மட்டுந்தானேடி சொன்னேன்? இன்னிக்கும் கேன்டீன்ல சாம்பார் ஊத்தறவன் என்னப் பாத்து சிரிக்கிறான்."

"நீயும்தான சிரிச்ச?"

"வேற என்னா பண்றது, பஸ்லருந்து குதிக்கவா?"

டிபன் பாக்ஸைத் திறந்தேன். இருந்தாலும் விடக் கூடாதே.

"சரி. க்ளாஸு உன் இஷ்டம். அந்த எட்டு எழுத்து? பின்னால நின்னு பாத்தியே? வாயத் தெறந்தியே?"

பிலோ கேக்கிலிருந்து ஒரு திராட்சையைக் கிள்ளினாள்.

"சொல்லத்தான் வந்தேன். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. அதுக்கப்புறம்..." நிறுத்தினாள். "இவ விழுந்தா சீட்டு நமக்குன்னு ஒரு நிமிஷம் தோணுச்சுடி. ஒரு நிமிஷந்தான். அதுக்குள்ள நீ பட்டனத் தட்டிட்ட."

"அப்புறம் மாத்திரை கேட்ட."

"ஆமா."

"தலை வலிச்சுதா?"

"இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. எழுந்து போய்விட்டாள். கேக் நன்றாக இருந்தது, திராட்சை அதிகம். சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவாமல் வைத்தேன்.


மார்ச் 28, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் எட்டு எழுத்துக்குள் அடங்கும் திட்டு ஒன்று அடித்துப் பார்த்தேன். பேட் கமாண்ட். தமிழ்த் திட்டுதான், ஆங்கில எழுத்தில். எப்படிப் புரிந்தது?

கதீர் பாயிடம் தம்பி க்ளாஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சும்மாதான்.


மார்ச் 29, புதன்

வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸில் லட்சுமிகாந்தம்மா லீவு, பின் சீட்டில் யாரோ மூட்டை வைத்திருந்தார்கள். வேறு இடம் இல்லை. பிலோ பையை எடுத்தாள். உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு, அந்த சீட்டில் முடிந்தவரைக்கும்.

குக்கட்பல்லி. பாலாநகர். முன்னால் அதே குரல்: "கிரேஸ் மேடம், ரொம்ப நாளாச்சு, ஏதாவது சொல்லுங்கோ." பிலோவின் கை பையின் வாரை இறுக்கியது. பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றேன்.

அமீர்பேட். கூட்டம் இறங்கியது. பிலோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு க்ளாஸ் முடிந்துவிட்டது, நேராக வீட்டுக்குத்தான்.

பேகம்பேட் நிறுத்தம். நான் எழுந்தேன். யாதய்யா பிரேக் போட்ட போடில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படி வரை போய்விட்டேன்.

"ஏய், இங்க எங்கடி இறங்குற?" என்று பின்னாலிருந்து பிலோ, முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி.

"நொவேனாவுக்கு" என்றேன்.

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் புரியவில்லை. ஒருத்தி மட்டும் சிரித்தாள்.